தூண்டில் முள்ளின் காதும் அதில் படியும் வண்ணமும்

கோலார் தங்கவயலின் கோரமண்டல் பகுதியில் வாழும் நம் வாடிக்கையாளர்களுக்குப் பேத்தமங்கலா ஏரியை அறிமுகம் செய்யத் தேவையில்லை. பாலாற்று நீரைத் தேக்கிய அந்த ஏரிதான் ஒரு காலத்தில் சுரங்கங்களின் தாகத்தையும் குடியிருப்புகளின் தாகத்தையும் தணித்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டபின் பலர் நாள்தோறும் இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். சிலர் வீட்டிலிருந்தபடியே கைத்தொழில் தேடுகின்றனர். பட்டறையில் உலோகம் பழகிய குடும்பங்களுக்கு ஏற்ற அத்தகைய சிறு தொழில்களுள் ஒன்று, தூண்டிலுக்கான ஜிக் செய்வது.

முள்ளின் கழுத்தில் ஈயத்தை வார்த்துத் தலையாக்கி, அதன்மேல் வண்ணம் பூசினால் ஜிக் ஆயிற்று. நீருக்குள் அதைச் சுண்டிச் சுண்டி இழுக்கும்போது சிறு மீன் துள்ளுவதுபோல் தோன்றி, பெரிய மீனை ஏமாற்றும். செய்முறையில் தொல்லை தருவது வார்ப்பன்று, வண்ணம்தான். நரம்பைக் கோர்க்கும் காது ஈயத் தலையை ஒட்டியே நிற்பதால், தலையை வண்ணத்தில் தோய்க்கும்போது காதும் தோய்ந்துவிடுகிறது. சோப்பு நீரில் தோய்த்த வளையத்தில் மெல்லிய திரை நிற்பதை நாம் அறிவோம். அதே பரப்பு இழுவிசையால் வண்ணமும் காதின் குறுக்கே திரையாக நின்று, அப்படியே உலர்கிறது.

துளை தெரிகிறதே, போதும் என்று பலர் விட்டுவிடுகின்றனர். ஆபத்து அங்கேதான். உள்விளிம்பில் எஞ்சிய வண்ணத்துணுக்கு கூர்மையானது. முடிச்சை அது சரியாக இறுக விடாது; ஒவ்வோர் இழுப்பிலும் நரம்பைச் சிறிது சிறிதாக அராவும். விரால் போன்ற வலிய மீன் கரையருகே புரளும் வேளையில் நரம்பு அறுந்தால், மீனும் போகும், ஜிக்கும் போகும். வாயில் முள்ளுடன் அந்த மீன் துன்புறும். நரம்பை இரட்டையாக மடித்துக் கோர்க்கும் பாலோமர் முடிச்சுக்குக் காது முழுமையாகத் திறந்திருப்பது இன்னும் அவசியம்.

எப்போது துடைப்பது என்பதே இவ்வேலையின் சூட்சுமம். எனாமல் ஈரமாக இருக்கையில் குத்தினால் திரை கிழியும். ஆனால் வண்ணம் மீண்டும் ஓடிவந்து மூடிக்கொள்ளும். கல்லாக இறுகியபின் குத்தினால், தலையிலுள்ள பூச்சும் சேர்ந்து பெயரும். தொட்டால் விரலில் ஒட்டாத, ஆனால் நகம் அழுந்தும் பதமே தக்க வேளை. அப்போது பழைய தூண்டில் முள்ளின் கூர்முனையைக் காதின் இருபுறமிருந்தும் மாறி மாறிச் செலுத்திச் சுழற்றினால் திரை முழுதாக வெளிவரும். கோணூசியும் உதவும். பவுடர் பெயிண்டானால் முறை வேறு: சூடேற்றிய தலையைப் பொடியில் தோய்த்தவுடன், அது இளகியிருக்கும்போதே காதைத் திறந்துவிட வேண்டும். பிறகே ஏறக்குறைய 175 பாகை வெப்பத்தில் கால் மணி நேரம் சுட வேண்டும். அந்த அடுப்பு சமையலுக்குப் பயன்படுவதாக இருக்கக் கூடாது.

பூசுமுன் காதினுள் சிறிது வாசலின் தடவுவோரும் உண்டு. எனாமலுக்கு அது நல்ல உபாயம். தலையில் பட்டுவிட்டால் அவ்விடத்தில் வண்ணம் ஒட்டாது. அரத்தால் தேய்ப்பதும், தீக்குச்சியால் சுடுவதும் வேண்டா. முதலாவது, முள்ளின் மேற்பூச்சைச் சுரண்டித் துருவுக்கு வழிவிடும். இரண்டாவது, முள்ளின் உரத்தையே கெடுத்துவிடும். வேலை முடிந்ததும் பஞ்சுத் திரியொன்றைக் காதின் வழியே இழுத்துப் பாருங்கள். இழை சிக்கினால் துணுக்கு எஞ்சியிருக்கிறது என்று பொருள்.

பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒன்றை மறக்கலாகாது. ஈயம் நஞ்சு, சிறுவரின் மூளை வளர்ச்சியை அது பாதிக்கும். 327 பாகையில் உருகும் ஈயத்தைத் திறந்த வெளியில் மட்டுமே கையாளுக. ஒரு துளி நீர் பட்டாலும் உருகிய ஈயம் வெடித்துத் தெறிக்கும்; மழைக்காலத்தில் ஈரமான அச்சுகளைப் பயன்படுத்தவே கூடாது. சுரண்டிய துணுக்குகளைத் தாளில் சேர்த்து அகற்றுக. நம் நாட்டில் வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. பரணில் கிடக்கும் பழைய டப்பாக்களுக்கு அந்த உறுதி கிடையாது.

விற்பனைக்காகச் செய்வோர் கணக்கில் விட்டுவிடும் செலவும் இதுவே. ஒரு காதுக்கு ஒரு நிமிடம் என்றால், நூறு ஜிக்குகளுக்கு ஒரு மணி நாற்பது நிமிடம். இந்த உழைப்பைச் சேர்க்காமல் விலை வைத்தால், ஈயமும் முள்ளும் வாங்கிய பணம் மட்டுமே திரும்பும். முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் ரூ.50,000 வரை பிணையின்றிக் கடன் கோரும்போது, மதிப்பீட்டுத் தாளில் இந்நேரத்தையும் கூலியாக எழுதுங்கள். அடைபட்ட காதுடன் திரும்பி வரும் சரக்குக்கும் ஒரு வரி ஒதுக்கலாம்; தொடக்கத்தில் அது வரத்தான் செய்யும்.

ஏரிகளில் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்படுவதுண்டு. செய்த ஜிக்கை நீரில் சோதித்துப் பார்க்கச் செல்பவர்கள் குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குவது நலம்.