பூட்டை உடைத்தவருக்குச் சாவி!

டென்மார்க் தேசத்தில் பில்லுண்ட் என்று ஒரு சிற்றூர். 1932-ல் ஒரு தச்சர் அங்கே மர பொம்மை செய்யத் தொடங்கினார். அதுதான் இன்று உலகமெங்கும் குழந்தைகள் அடுக்கி விளையாடும் "லெகோ" கட்டைகளின் பிறப்பு.

1998-ல் அந்தக் கம்பெனி "மைன்ட்ஸ்டார்ம்ஸ்" என்ற புதுச் சாமானை விற்பனைக்குக் கொண்டு வந்தது. கட்டைகளைக் கோத்து, நடுவே சிறு கம்ப்யூட்டரை வைத்தால் போதும். நடக்கும், திரும்பும் எந்திரம் தயார்! சிறுவர்களுக்கென்று செய்தார்கள். வாங்கியவர்களில் பலர் மீசை முளைத்தவர்கள்!

சில வாரங்கள்தான் ஆயின. அமெரிக்காவில் ஒரு மாணவர் அந்தக் கம்ப்யூட்டரின் ரகசியத்தைக் கண்டுபிடித்து, இன்டர்நெட்டில் எல்லோரும் பார்க்கும்படி போட்டுவிட்டார். மற்றவர்களும் சேர்ந்து கொண்டார்கள். ஆளுக்கு ஆள் புதிய கட்டளைகளை எழுதினார்கள்.

வழக்கா, வரவேற்பா?

கம்பெனியில் ஒரே குழப்பம். வக்கீல் நோட்டீசு விடுவதா? சும்மா இருப்பதா? கடைசியில், "பிரித்துப் பார்த்து மாற்றலாம்" என்று உரிமப் பத்திரத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

இது வெறும் பெருந்தன்மை அல்ல. வியாபாரக் கணக்கும் உண்டு. இது கம்பெனி கூட்டாத கூட்டம். சம்பளம் கேட்காத கூட்டம். சாமானில் என்ன குறை என்று அதுவே பேசித் தீர்க்கிறது. காது கொடுத்தால் போதும்.

2003-லும் 2004-லும் கம்பெனிக்குப் பெரும் நஷ்டம். அந்த நெருக்கடி நேரத்தில், அடுத்த எந்திரத்தை வடிவமைக்க வாடிக்கைக்காரர்கள் 4 பேரை ரகசியமாக அழைத்தார்கள். பில்லுண்டுக்குப் போன விமானக் கட்டணம் அவர்கள் கைக்காசு. கூலி? லெகோ கட்டைகள்!

அவர்கள் சந்தோஷமாகத்தான் போனார்கள். இருந்தாலும், 2006-ல் வெளிவந்து கம்பெனிக்குப் பணம் ஈட்டிய சாமானுக்கு இந்தக் கூலி குறைவுதான்.

பிறகு வந்த "லெகோ ஐடியாஸ்" திட்டம் சற்று மேல். யாரும் ஒரு மாதிரியை அனுப்பலாம். 10,000 பேர் ஆதரித்தால் கம்பெனி பரிசீலிக்கும். கடைக்கு வந்தால், நிகர விற்பனையில் நூற்றுக்கு 1 பங்கு யோசனை சொன்னவருக்கு. ஆனால் கடைசி வார்த்தை கம்பெனியுடையதே. தள்ளப்படுபவைதான் அதிகம்.

எல்லா வியாபாரிகளுக்கும் இப்படி ஒரு கூட்டம் தேவையா? தீப்பெட்டி வாங்குகிறவர்கள் கூடிப் பேச என்ன இருக்கிறது! வாங்கியதை வைத்து மேலும் ஏதாவது செய்ய முடிகிற சாமானுக்குத்தான் கூட்டம் சேரும்.

மைன்ட்ஸ்டார்ம்ஸ் விற்பனையை 2022 முடிவில் கம்பெனி நிறுத்திவிட்டது. பழைய எந்திரங்களுக்குப் புதுக் கட்டளை எழுதுகிறவர்கள் மட்டும் இன்னும் நிறுத்தவில்லை.