புலிகள் காப்பக வேலை: சம்பளம் யார் தருவது?

புலிகள் காப்பகங்களில் உயிரியலாளர், திட்ட உதவியாளர் போன்ற ஒப்பந்தப் பணிகளுக்கான அறிவிப்புகளில் வனத்துறை முத்திரை இருக்கும். கள இயக்குநரின் கையெழுத்தும் இருக்கும். ஆனால் வேலை தருவது பல இடங்களில் அந்தக் காப்பகத்தின் புலிகள் பாதுகாப்பு அறக்கட்டளை. ‘முற்றிலும் தற்காலிகமானது’ என்ற வரி வழக்கம்போலக் கடைசிப் பக்கத்தில்தான் வரும். விண்ணப்பிக்கும் கடைசி நாளில் எழும் குழப்பங்களில் பாதி இதனால்தான்.

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 2006இல் சேர்க்கப்பட்ட 38எக்ஸ் பிரிவே இந்த அறக்கட்டளைக்கு அடிப்படை. சுற்றுலாப் பயணி கட்டும் நுழைவுக் கட்டணம் அரசுக் கருவூலத்தில் கரையாமல் காப்பகத்துக்கே திரும்ப இது வழிசெய்கிறது. ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்கும் இந்த அறக்கட்டளை துணைநிற்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஒரு உயிரியலாளரை அமர்த்த நிதித் துறைக்குக் கோப்பு அனுப்பிக் காத்திருக்க வேண்டியதில்லை. கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் அதன் விலையைக் கொடுப்பவர் வேலைக்கு வருபவர். அரசாணையால் உருவான பணியிடம் அல்ல என்பதால் பணிமூப்பு, ஓய்வூதியம் எதுவும் கிடையாது, தொகுப்பூதியம் மட்டுமே. அதுவும் வாசலில் வசூலாகும் பணத்தை நம்பியிருந்தால், 2020 ஊரடங்குபோலக் காப்பகம் மூடப்படும்போது ஊற்றே அடைபட்டுவிடும்.

வேலையோ தற்காலிகமானதல்ல. ஒவ்வொரு புலியையும் அடையாளம் காண உதவும் வரிகள் இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அதனால் காட்டுப் பாதையின் இருபுறமும் எதிரெதிரே தானியங்கி கேமராக்களைக் கட்ட வேண்டும். மெமரி கார்டுகளைச் சேகரித்து, மானும் மாடும் நிறைந்த ஆயிரக்கணக்கான படங்களிலிருந்து புலியைப் பிரித்தெடுக்க வேண்டும். நாடு தழுவிய கணக்கெடுப்பு நான்காண்டுக்கு ஒருமுறை என்றாலும் காப்பகங்களுக்குள் இந்தக் கண்காணிப்பு ஆண்டுதோறும் உண்டு. ஒப்பந்தம்தான் முடிந்துபோகிறது.

டேராடூனில் உள்ள இந்திய வன உயிரின நிறுவனத்தின் ஆய்வுத் திட்டப் பணிகளும் திட்டத்தோடு முடிபவையே.

விண்ணப்பிப்போருக்கு வேறு சில கேள்விகளும் எழும். இன்டர்ன்ஷிப்புக்கு உதவித்தொகை உண்டா? அறிவிப்பில் தொகை இல்லையென்றால் இல்லை என்றே கொள்ளலாம்.

களத்தில் திரட்டிய தரவை ஆய்வேட்டில் பயன்படுத்தலாமா? எழுத்துமூல அனுமதி வாங்கிய பிறகே.

நிரந்தரப் பணிக்கு இந்த அனுபவம் உதவுமா? இந்திய வனப் பணிக்கு யுபிஎஸ்சி தேர்வு, தமிழகத்தில் உதவி வனப் பாதுகாவலர் பதவிக்கு டிஎன்பிஎஸ்சி குரூப் 1ஏ தேர்வு எழுத வேண்டும். இரண்டிலும் கள அனுபவத்துக்கெனத் தனி மதிப்பெண் இல்லை.