அண்டார்டிகாவில் ஒரு பேஸ்பால் மைதானம்!

மொத்தமே 30 புள்ளிகள். அமெரிக்காவில் 29, கனடாவின் டொரண்டோவில் ஒன்று. மேஜர் லீக் பேஸ்பால் மைதானங்களை வரைபடத்தில் குறிக்க ஒரு ஞாயிறு மதியம் போதாதா என்று யாருக்கும் தோன்றும். தோன்றட்டும்! கொஞ்சம் இப்படி வந்து என் திரையை எட்டிப் பாருங்கள்.

கூத்து முதல் கோப்பிலேயே தொடங்கிவிடும். கூகுள் மேப்ஸில் இடத்தை நகலெடுத்தால் அட்சரேகை முன்னால் வரும், தீர்க்கரேகை பின்னால். வரைபடப் புள்ளிகளைச் சேமிக்கும் ஜியோஜேசன் கோப்புக்கோ தீர்க்கரேகைதான் முதலில் வேண்டும். மாற்றாமல் ஒட்டினால், 1912-ல் திறந்த பாஸ்டனின் ஃபென்வே பார்க் அண்டார்டிகா பனிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சான்பிரான்சிஸ்கோ மைதானத்துக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை. அதன் தீர்க்கரேகை 122; அட்சரேகையோ 90-உடன் முடிந்துவிடுகிறது. பூமியிலேயே இடமில்லை! மேற்குத் தீர்க்கரேகைக்கு முன்னால் வரும் கழித்தல் குறியை மட்டும் விட்டால் சிகாகோவின் ரிக்லி ஃபீல்டு சீனாவின் சிஞ்சியாங்கில் முளைக்கும்.

சரி, புள்ளியை எங்கே வைப்பது? மைதானத்தின் நடுவில் என்பீர்கள். கூடவே கூடாது. ஹோம் பிளேட்டில்தான். மட்டையாளர் பக்கத்தில் நிற்பாரே, அந்த ஐங்கோண வெள்ளை ரப்பர் பலகை. எல்லா அளவும் அங்கிருந்துதான் புறப்படுகிறது. செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போய், செம்மண் வட்டத்துக்குள் அந்த வெள்ளைத் துணுக்கைப் பிடிக்கிற நொடியில் எனக்கு விசிலடிக்கத் தோன்றும்.

உண்மையான விருந்து அதற்கப்புறம். உள்மைதானத்துக்கு விதி கறார்: பேஸுக்கும் பேஸுக்கும் 90 அடி, ஹோம் பிளேட்டிலிருந்து பந்தெறியும் பிட்சரின் தகட்டுக்கு 60 அடி 6 அங்குலம். வெளியே போனால் ஊருக்கொரு உருவம்! ஃபென்வேயில் இடப்பக்க வேலி 310 அடியிலேயே வந்துவிடுகிறது. பின்னால் தெரு, தள்ளிக் கட்ட வழியில்லை. ஆகவே மேலே ஏற்றிவிட்டார்கள், 37 அடிக்கு ஒரு பச்சைச் சுவர். ரசிகர்கள் அதை கிரீன் மான்ஸ்டர் என்கிறார்கள். டென்வரில் கதை நேர்மாறு. மலையூர்க் காற்று மெலிது, பந்து கூடுதலாகப் பறக்கும், அதனால் கூர்ஸ் ஃபீல்டில் வேலியைத் தள்ளி வைத்தார்கள். மேல்தட்டில் ஒரு வரிசை இருக்கைகள் மட்டும் ஊதா நிறம்: கடல்மட்டத்துக்கு ஒரு மைல் மேலே, 5,280 அடி. அந்த ஊதாக் கோட்டை வரைபடத்தில் இழுக்காமல் விடுவேனா!

30 உருவங்களையும் ஒரே அளவில், வடக்கு மேலே இருக்கும்படி அடுக்கிப் பார்க்கவேண்டும். ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாம் பேஸுக்குப் போகும் கோடு கிழக்கு–வடகிழக்காக இருப்பது நல்லது என்கிறது விதிப்புத்தகம். மாலை வெயில் மட்டையாளரின் கண்ணில் அடிக்காது. நல்லது என்றுதான் சொல்கிறது, கட்டாயம் என்று சொல்லவில்லை. பிட்ஸ்பர்க்காரர்கள் ஆற்றையும் அக்கரைக் கோபுரங்களையும் பார்க்கவேண்டும் என்று பிஎன்சி பார்க்கைத் தென்கிழக்கே திருப்பிவிட்டார்கள். என் ஓட்டு அவர்களுக்கே.

பெயர் எழுதுவதுதான் அலுப்பு. ஹூஸ்டன் மைதானம் 2000-ல் என்ரான் ஃபீல்டு. என்ரான் நிறுவனம் திவாலானதும் மினிட் மெய்ட் பார்க், 2025-லிருந்து டைகின் பார்க். ஓக்லாந்தைக் காலிசெய்த அத்லெடிக்ஸ் அணி மேற்கு சாக்ரமென்டோவில் ஒரு மைனர் லீக் மைதானத்தில் ஒண்டுக்குடித்தனம் இருக்கிறது. அதற்கு மட்டும் வெளிர்நிறப் புள்ளி.

இன்னொரு விளையாட்டுச் சாமானும் உண்டு: ஆண்டை நகர்த்தும் பட்டை. 1957-லிருந்து 1958-க்குத் தள்ளுங்கள். டாட்ஜர்ஸ், ஜயண்ட்ஸ் இரண்டும் நியூயார்க்கிலிருந்து ஒரே தாவில் கலிஃபோர்னியா! இடித்துப்போட்ட மைதானங்களுக்குத் தனி லேயர். அதில் என் செல்லம் மினசோட்டாவின் மெட்ரோபாலிடன் ஸ்டேடியம். அந்த இடத்தில் இப்போது மால் ஆஃப் அமெரிக்கா நிற்கிறது. மாலுக்குள் இருக்கும் கேளிக்கைப் பூங்காவின் தரையில், பழைய ஹோம் பிளேட் இருந்த இடத்திலேயே ஒரு தகடு. எதிர்ச் சுவரில், உயரத்தில், தன்னந்தனியாக ஒரு சிவப்பு நாற்காலி! 1967-ல் ஹார்மன் கில்லிப்ரூ 520 அடிக்கு விளாசிய ஹோம் ரன் போய் விழுந்த இடமாம். எந்த மென்பொருளிலும் இதற்குக் குறியீடு கிடையாது. நானே ஒரு குட்டி நாற்காலி வரைந்து செருகிவிட்டேன்.

அடுத்து மைனர் லீக். 120 அணிகள்! வீட்டில் இன்னும் சொல்லவில்லை.