ஒரே ஆட்டம், ஒரே கூலி!



"பொம்பளைப் பிள்ளைக்குப் பந்து எதுக்கு?" இந்தக் கேள்வி நம்ம ஊரில் மட்டும் கேட்கிறதில்லை. இங்கிலாந்திலேயும் கேட்டாங்க. அங்கே பிரஸ்டன் நகரில் டிக் கெர் என்ற தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்கள் ஒரு கால்பந்து அணி வைத்திருந்தார்கள். 1920 டிசம்பரில் லிவர்பூலில் அவர்கள் ஆடிய ஆட்டத்தைப் பார்க்க 53 ஆயிரம் பேர் வந்தார்கள். அடுத்த வருஷமே கால்பந்துச் சங்கம், 'இது பெண்களுக்கு ஏற்ற விளையாட்டு இல்லை' என்று சொல்லி, தன் கீழ் உள்ள மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை போட்டது. அந்தத் தடை நீங்க ஏறக்குறைய 50 வருஷம் ஆனது.

மகளிர் உலகக் கோப்பை

ஆண்களுக்கான உலகக் கோப்பை 1930-ல் தொடங்கியது. பெண்களுக்கு 1991-ல்தான், சீனாவில். 12 நாடுகள் ஆடின. ஆண்கள் 90 நிமிடம் ஆடுவார்கள். அந்த முதல் போட்டியில் பெண்களுக்கு 80 நிமிடம்தான் கொடுத்தார்கள். நார்வேயை 2-1 என்று வென்று அமெரிக்கா கோப்பையை வாங்கியது. 4 வருஷத்துக்கு ஒருமுறை நடக்கும் இந்தப் போட்டியில் 2023-ல் 32 நாடுகள் ஆடின. ஸ்பெயின் ஜெயித்தது.

கூலி மட்டும் குறைவு

2018-ல் ஆண்கள் கோப்பையை வென்ற பிரான்சுக்குப் பரிசு 380 லட்சம் டாலர். 2019-ல் பெண்கள் கோப்பையை வென்ற அமெரிக்காவுக்கு 40 லட்சம் டாலர். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு!

அமெரிக்கப் பெண்கள் இதற்கு முன்பே குரல் கொடுத்திருந்தார்கள். 2016-ல் 5 வீராங்கனைகள், தங்கள் நாட்டுக் கால்பந்து சம்மேளனம் ஆண்களைவிடக் குறைவாகச் சம்பளம் தருகிறது என்று அரசு ஆணையத்தில் புகார் கொடுத்தார்கள். சம்மேளனம் வெளியிட்ட வரவு செலவுக் கணக்கையே ஆதாரமாகக் காட்டினார்கள். 2019 மார்ச் 8, மகளிர் தினத்தன்று, அணியின் 28 பேரும் சேர்ந்து வழக்குப் போட்டார்கள். அந்த ஜூலையில் கோப்பையை ஜெயித்தபோது மைதானமே 'சம சம்பளம்' என்று முழங்கியது.

ஆனால் 2020-ல் சம்பளம் பற்றிய கோரிக்கையை நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. அவர்கள் சோர்ந்து உட்காரவில்லை. மேல்முறையீடு செய்தார்கள். 2022 பிப்ரவரியில் சம்மேளனம் 240 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டு சமரசத்துக்கு வந்தது.

பொது நிதி

இன்னொரு சிக்கல் இருந்தது. உலகக் கோப்பைப் பரிசை முடிவு செய்வது ஃபிஃபா என்ற உலக அமைப்பு. அந்தத் தொகையை ஒரு நாட்டுச் சம்மேளனம் மாற்ற முடியாது. அப்போ என்ன வழி? நம்ம குழுவில் செய்கிற மாதிரிதான், பொது நிதி! ஆண்கள் அணிக்கு வரும் உலகக் கோப்பைப் பரிசும் பெண்கள் அணிக்கு வரும் பரிசும் ஒன்றாகச் சேர்க்கப்படும். சம்மேளனத்தின் பங்கு போக மீதியை இரண்டு அணிகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொள்ளும். 2022-ல் இதற்கு ஆண்கள் சங்கமும் கையெழுத்துப் போட்டது. அந்த வருஷமே ஆண்கள் அணிக்குக் கிடைத்த 130 லட்சம் டாலரில் பெண்களுக்கும் பங்கு வந்தது.

வேலை இன்னும் முடியவில்லை. 2022 ஆண்கள் கோப்பையின் மொத்தப் பரிசு 44 கோடி டாலர். 2023 பெண்கள் கோப்பைக்கு 11 கோடி டாலர்தான்.

நாம் என்ன கற்றுக்கொள்ளலாம்?

கணக்கைப் படித்தார்கள். எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். ஒருமுறை தோற்றதும் விட்டுவிடவில்லை. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது சும்மாவா?

வயலிலோ கட்டிட வேலையிலோ உங்களுக்குக் கிடைக்கும் கூலி என்ன, கூட வேலை பார்க்கும் ஆணுக்குக் கிடைக்கும் கூலி என்ன? அடுத்த குழுக் கூட்டத்தில் இரண்டையும் நோட்டில் எழுதிப் பாருங்க. பேச்சு அங்கிருந்து தொடங்கட்டும்.