எட்டு நொடி எங்கிருந்து வந்தது?

2008 ஏப்ரலில் நிசான் நிறுவனம் ஓர் எண்ணை வெளியிட்டது: 7 நிமிடம் 29 நொடி. ஜெர்மனியில் ஐஃபெல் மலைக்காட்டுக்குள் ஓடும் நுர்பர்க்ரிங் நார்ட்ஷ்லைஃப் தடத்தை அதன் புதிய ஜிடி-ஆர் கார் ஒருமுறை சுற்றி முடிக்க எடுத்துக்கொண்ட நேரம் அது. ஓட்டியவர் ஜப்பானியப் பந்தய வீரர் தோஷியோ சுசுகி. காரின் எடை ஏறத்தாழ 1,740 கிலோ. அதைவிட எடை குறைந்த, விலை பல மடங்கு அதிகமான கார்கள் பலவும் அந்த எண்ணுக்குப் பின்னால் போய்விட்டன.

போர்ஷே இதை நம்பவில்லை. அமெரிக்காவில் ஒரு ஜிடி-ஆர் காரை விலைக்கு வாங்கி, அதே தடத்தில் தன் ஓட்டுநரை வைத்து ஓட்டிப் பார்த்தது. வந்த நேரம் 7 நிமிடம் 54 நொடி. கடையில் விற்கிற டயரில் நிசான் ஓடவில்லை, பந்தய டயருக்கு நெருங்கிய ஏதோ ஒன்றில் ஓடியிருக்கிறது என்பது போர்ஷேயின் சந்தேகம். வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் டயர்தான் என்று நிசான் மறுத்தது. யார் பக்கம் உண்மை என்பதைவிட இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஒரே பெயர் கொண்ட கார், ஒரே தடம், இடையில் 25 நொடி. வார இதழ்களும் யூடியூபும் ஸ்போர்ட்ஸ் கார்களை வரிசைப்படுத்துவது பெரும்பாலும் ஐந்து நொடி, பத்து நொடி வித்தியாசத்தை வைத்துத்தான். அந்த வித்தியாசத்துக்குள் என்னென்ன ஒளிந்திருக்கின்றன என்று பார்த்தால்தான் இந்த எண்களைப் படிக்கவே முடியும்.

1927இல் திறக்கப்பட்ட இந்தத் தடத்தின் முழு நீளம் 20.832 கி.மீ. மொத்தம் 73 வளைவுகள். உயரமான இடத்துக்கும் தாழ்ந்த இடத்துக்கும் ஏறத்தாழ 300 மீட்டர் வித்தியாசம். 1976இல் நிக்கி லாடா தீயில் சிக்கிய விபத்துக்குப் பிறகு ஃபார்முலா ஒன் இந்தத் தடத்துக்குத் திரும்பவில்லை. ஆனால் கார் நிறுவனங்கள் விடவில்லை. மேடு, பள்ளம், மறைவான வளைவு, கார் தரையை விட்டு எழும்பும் முகடு, இரண்டு கி.மீ.க்கு மேல் நீளும் நேர்ப்பாதை என்று எல்லாமே ஒரே சுற்றில் கிடைக்கிற இடம் வேறில்லை.

முதல் சிக்கல் தூரத்திலேயே தொடங்குகிறது. பல ஆண்டுகளாக நிறுவனங்கள் பார்வையாளர் அரங்கை ஒட்டிய சிறு பகுதியை விட்டுவிட்டு 20.6 கி.மீ.க்கு மட்டும் நேரம் கணக்கிட்டுவந்தன. 2021இல், மான்டே நிறுவனத்தின் மேம்பாட்டுப் பாகங்கள் பொருத்திய போர்ஷே 911 ஜிடி2 ஆர்எஸ் கார் ஓடியபோது இரண்டு நேரங்களும் வெளியாகின: 20.6 கி.மீ.க்கு 6:38.835, முழுத் தூரத்துக்கு 6:43.300. விட்டுப்போன 232 மீட்டரின் மதிப்பு நாலரை நொடி. எந்தத் தூரம் என்று சொல்லாமல் இரண்டு கார்களின் நேரத்தை அருகருகே வைத்தால், ஓடாத தூரத்துக்கும் ஒரு கார் பாராட்டு வாங்கிவிடும். 2019 முதல் முழுத் தூரமும் நோட்டரி ஒருவரின் சான்றும் வேண்டும் என்று தட நிர்வாகம் விதி வகுத்தது. இருபது ஆண்டுகளுக்கு முன்பே வந்திருக்க வேண்டிய விதி.

அந்த மான்டே காரில் இன்னொரு பாடமும் உண்டு. 2017இல் சாதாரண 911 ஜிடி2 ஆர்எஸ் இதே 20.6 கி.மீ.யை 6:47.25இல் முடித்திருந்தது. நான்கு ஆண்டுகளில் எட்டு நொடிக்கு மேல் குறைந்துவிட்டது. இரண்டு முறையும் ஓட்டியவர் லார்ஸ் கெர்ன். இன்ஜினில் அதே 700 குதிரைத்திறன்தான், ஒன்றுகூடக் கூடவில்லை. மாறியவை சஸ்பென்ஷன், காரின் இறக்கைகளும் அடித்தட்டும், டயர்.

எட்டு நொடியை இவை எப்படித் தருகின்றன? வளைவில் காரை உள்ளே இழுத்துப் பிடிப்பது டயருக்கும் சாலைக்கும் இடையிலான உராய்வு மட்டுமே. 100 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். உராய்வுக் குணகம் 1 என்றால், அதில் போகக்கூடிய அதிகபட்ச வேகம் மணிக்கு சுமார் 113 கி.மீ. அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர் கூட்டினாலும் கார் வெளியே வழுக்கும். இன்ஜினில் எத்தனை குதிரை இருந்தாலும் பயனில்லை. குணகம் 1.3 ஆக இருக்கும் ஒட்டும் டயரை மாட்டினால் வேகம் 128க்குப் போய்விடும். வளைவை விட்டு வெளியேறும்போதே 15 கி.மீ. கூடுதல் வேகம் கையில் இருப்பதால், அடுத்த நேர்ப்பாதை முழுவதும் அந்த லாபம் தொடர்கிறது. பிரேக் போடுவதும் அதே உராய்வைக் கொண்டுதான் என்பதால் அடுத்த வளைவுக்கு முன் தாமதமாகப் பிரேக் மிதிக்கலாம். ஒரே குணத்துக்கு மூன்று இடத்தில் பலன்.

இன்ஜின் சக்திக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. உச்ச வேகத்தில் காற்றைக் கிழித்துப் போகத் தேவையான சக்தி, வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக வளர்கிறது. சக்தியை 10 சதவீதம் கூட்டினால் உச்ச வேகம் மூன்று சதவீதம்தான் கூடும். பிடிமானத்தை 10 சதவீதம் கூட்டினால் எல்லா வளைவுகளிலும் ஏறத்தாழ ஐந்து சதவீதம் கூடும். 73 வளைவுள்ள தடத்தில் எது ஜெயிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

டயருக்கு அடுத்தது காற்று. இறக்கையும் அடித்தட்டும் காரைத் தரையோடு அழுத்துகின்றன. அந்த அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு வளரும். 2022இல் வந்த 911 ஜிடி3 ஆர்எஸ் கார் 200 கி.மீ. வேகத்தில் 409 கிலோ அழுத்தத்தையும், 285 கி.மீ.யில் 860 கிலோவையும் தருகிறது என்று போர்ஷே சொல்கிறது. காரின் எடை கூடாமலேயே டயர் மீது கூடுதல் சுமை. வளைவில் திருப்ப வேண்டிய நிறை அதேதான், பிடிப்பு மட்டும் கூடுகிறது. இந்தக் காரின் சக்தி 525 குதிரைத்திறன். 700 குதிரைத்திறன் ஜிடி2 ஆர்எஸ்ஸைவிட 175 குறைவு. ஆனாலும் 20.6 கி.மீ.யை 6:44.848இல் முடித்து, 2017ஆம் ஆண்டு நேரத்தைவிட இரண்டு நொடிக்கு மேல் முந்தியது.

ஆக, சுற்று நேரம் என்பது முதன்மையாகப் பிடிமானத்தின் அளவு. ஹேண்ட்லிங் என்று நாம் சொல்வது அதுவல்ல. பிடிமானம் எவ்வளவு என்பது ஒரு கேள்வி. அது எப்படி வருகிறது, எப்படிப் போகிறது, போகப் போகிறது என்பதை ஓட்டுநருக்கு எப்போது சொல்கிறது என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு ஸ்டாப்வாட்சிடம் பதில் கிடையாது.

டயர் வேலை செய்யும் விதத்திலேயே இது தெரியும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சக்கரம் நோக்கும் திசைக்கும் கார் உண்மையில் போகும் திசைக்கும் சில டிகிரி வித்தியாசம் இருக்கும். அந்தக் கோணம் இருப்பதால்தான் ரப்பர் முறுக்கிக்கொண்டு பக்கவாட்டு விசையை உண்டாக்குகிறது. கோணம் கூடக்கூட விசை கூடும். ஓர் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கும். பந்தயத்தை நெருங்கிய டயர்களில் அந்த உச்சம் உயரமானது, ஆனால் கூரானது. சாதாரண டயரில் உச்சம் தாழ்வு, ஆனால் மேடு அகலமானது. கூரான உச்சியில் நிற்கத் தெரிந்தவர் சாதனை நேரம் எடுப்பார். மற்றவர்களுக்கு, எச்சரிக்கை வந்து சேரும்போது வால் சுழன்றுவிட்டிருக்கும்.

இன்னொரு நுட்பம்: டயர் மீது சுமையை இரட்டிப்பாக்கினால் பிடிமானம் இரட்டிப்பாவதில்லை, சற்றுக் குறைவாகவே கூடும். வளைவில் எடை உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறுகிறது. வெளிப்பக்கம் பெறுவது, உள்பக்கம் இழப்பதைவிடக் குறைவு. அதனால்தான் பொறியாளர்கள் எடையைக் குறைக்கவும் ஈர்ப்பு மையத்தைத் தாழ்த்தவும் இவ்வளவு பாடுபடுகிறார்கள். அந்த எடை மாற்றத்தில் முன் சக்கரங்கள் எவ்வளவு ஏற்கின்றன, பின் சக்கரங்கள் எவ்வளவு ஏற்கின்றன என்பதை ஸ்பிரிங்கும் ஆன்டி-ரோல் பாரும் தீர்மானிக்கின்றன. முன்பக்கம் முதலில் பிடி விட்டால் அண்டர்ஸ்டீர், பின்பக்கம் விட்டால் ஓவர்ஸ்டீர். ஒரே சுற்று நேரம் எடுத்த இரண்டு கார்கள் இதில் முற்றிலும் எதிரெதிராக இருக்க முடியும்.

இதை நன்றாகப் புரிந்துகொண்டு, வேண்டுமென்றே பிடிமானத்தைக் குறைத்தவர் தெத்சுயா தாதா. 2012இல் விற்பனைக்கு வந்த டொயோட்டா ஜிடி86 காரின் தலைமைப் பொறியாளர். சுபாருவோடு சேர்ந்து உருவாக்கிய கார். இரண்டு லிட்டர் இன்ஜின், சுமார் 200 குதிரைத்திறன், எடை 1,250 கிலோவுக்கு அருகில். அந்தக் காருக்கு அவர் தேர்ந்தெடுத்தது ப்ரியஸ் ஹைபிரிட் காரில் வந்த ரகத்து டயர்! அகலம் 215 மி.மீ. மட்டும். நோக்கம் தெளிவானது: ஊர்ச் சாலையில் போகக்கூடிய வேகத்திலேயே டயரின் எல்லையை ஓட்டுநர் தொட்டுப் பார்க்க வேண்டும், அது விலகும்போது பதறாமல் திருத்திக்கொள்ளவும் முடிய வேண்டும். சுற்று நேரப் பட்டியலில் இந்தக் காரைத் தேடினால் கீழேதான் இருக்கும். ஆனால் காரோட்டும் கலையைக் கற்றுக்கொள்ள விரும்பும் ஒருவருக்கு 700 குதிரைத்திறன் காரைவிட இதையே நான் தயங்காமல் சொல்வேன்.

மெக்லாரன் எஃப்1 காரை வடிவமைத்த கார்டன் மர்ரேவும் இதே வழியில் நிற்பவர். தன் டி.50 காரை 1,000 கிலோவுக்கும் குறைவான எடையில் செய்தார். 12 சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 12,000 சுழற்சியைத் தாண்டும். காரின் பின்னால் 40 செ.மீ. விட்டமுள்ள மின்விசிறி சுழன்று அடித்தட்டுக் காற்றை உறிஞ்சுகிறது. இத்தனையும் இருந்தும், சுற்றுச் சாதனைக்காக இந்தக் காரைச் செய்யவில்லை என்று சொல்லிவிட்டார். மலைப்பாதையில் ஓட்டுபவருக்குக் கார் என்ன உணர்வைத் தருகிறது என்பதே அவருடைய அளவுகோல்.

உணர்வை அளக்க முடியாது என்று இதற்கு எதிராகச் சொல்வார்கள். அளக்க முடியும், அளக்கிறார்கள். நிலையான ஆரமுள்ள வட்டத்தில் மெல்ல மெல்ல வேகம் கூட்டி, ஸ்டீயரிங்கை எவ்வளவு கூடுதலாகத் திருப்ப வேண்டியிருக்கிறது என்று பார்க்கும் சோதனைக்கு ஐஎஸ்ஓ 4138 என்ற தரமே இருக்கிறது. ஸ்டீயரிங்கைச் சட்டென்று திருப்பி, கார் எத்தனை நேரத்தில் திரும்பத் தொடங்குகிறது, எவ்வளவு தூரம் தாண்டி அசைந்து பிறகு நிலைகொள்கிறது என்று பார்க்கவும் தனித் தரம் உண்டு. சாலையில் திடீரென்று குறுக்கே வரும் கடமானைத் தவிர்ப்பதுபோல் ஓட்டிப் பார்க்கும் சோதனையை ஸ்வீடனின் ‘டெக்னிக்கென்ஸ் வார்ல்ட்’ இதழ் நடத்திவந்தது. 1997இல் மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் கார் அதில் கவிழ்ந்ததும், மெர்சிடிஸ் தன் காரில் மின்னணு நிலைப்புக் கட்டுப்பாட்டை எல்லா வகைகளிலும் பொருத்தியதும் பலருக்கு நினைவிருக்கும். இரண்டு ஆண்டு கழித்து அதே சோதனையை மணிக்கு 85 கி.மீ. வேகத்தில் கடந்து காட்டியது சிட்ரோன் க்சான்டியா ஆக்டிவா. குடும்பங்கள் வாங்கிய சாதாரண கார் அது. வளைவில் உடல் சாயாமல் ஹைட்ராலிக் அமைப்பு தாங்கிப் பிடித்ததால் கிடைத்த பலன். பின்னால் வந்த விலையுயர்ந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவும் நீண்ட காலம் அந்த வேகத்தை எட்டவில்லை.

கார்களை ஒப்பிட்டு எழுதுகிறவர்களிடம் நான் எதிர்பார்ப்பது அதிகமில்லை. சுற்று நேரத்தை வெளியிடுங்கள். கூடவே டயரின் பெயரையும், தூரத்தையும், அன்றைய தார்ச்சாலை வெப்பத்தையும் போடுங்கள். சிறந்த ஒரு சுற்றை மட்டும் சொல்லாமல் ஐந்தாவது சுற்றின் நேரத்தையும் சொல்லுங்கள்; அதற்குள் டயர் சூடேறி, பிரேக் களைத்து, எடை மிகுந்த கார்களின் உண்மை வெளியே வந்திருக்கும். தொழில்முறை வீரர் எடுத்த நேரத்துக்குப் பக்கத்தில், அனுபவமில்லாத ஒருவர் அதே காரில் எடுத்த நேரத்தையும் கொடுங்கள். இரண்டு நேரங்களுக்கும் இடைவெளி எந்தக் காரில் குறைவோ, அந்தக் காரைப் பற்றி இன்னும் இரண்டு பக்கம் எழுதுங்கள்.