அடைமழையில் தேனீக்கு ஏன் சர்க்கரைப் பாகு?

பாலக்கோட்டில் பனி கொட்டும் குளிர்காலம் இல்லை. தேனீக்குச் சோதனை ஐப்பசி, கார்த்திகை மழைதான். மழையில் தேனீ வெளியே போகாது. மழை விட்ட பிறகு போனாலும் பூவின் மது கழுவிப்போயிருக்கும். ஆனால் தேனீப் பெட்டிக்குள் வளரும் புழுக்களுக்குச் சுமார் 34, 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும். பறக்கும் தசைகளை நடுக்கித்தான் தேனீக்கள் அதை உண்டாக்குகின்றன. அதற்கு எரிபொருள் தேன். இருப்பு தீர்ந்தால் இந்தியத் தேனீ பொறுத்திருக்காது; கூட்டத்தோடு கிளம்பிவிடும்.

அதனால்தான் பாகு. சர்க்கரையும் தண்ணீரும் சமபங்கு கலந்து, ஆறவைத்து, கொட்டாங்குச்சியில் ஊற்றி உள்ளே வையுங்கள். தேனீ மூழ்காதிருக்க மேலே நாலு குச்சி. பொழுது சாய்ந்த பிறகே வைக்க வேண்டும். பகலில் வாசனை பிடித்துப் பக்கத்துப் பெட்டித் தேனீக்கள் கொள்ளைக்கு வரும். வெல்லம் ஆகாது, அதிலுள்ள கசடு தேனீயின் வயிற்றைக் கெடுக்கும். தேனீ மொய்க்காத காலி அடைகளை எடுத்துவிடுங்கள், மெழுகு அந்துப்பூச்சி முட்டையிடும். மா பூக்கத் தொடங்கும்போது பாகை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் எடுக்கும் தேனில் சர்க்கரைதான் இருக்கும்.