வீடியோ போடும் முன் விண்ணப்பம் போடுங்கள்

பகலில் மில்லிலோ ஐ.டி. கம்பெனியிலோ வேலை. ராத்திரியில் மொட்டைமாடி அறையில் மோட்டாரும் சால்டரிங் அயர்னுமாக இன்னொரு வேலை. களையெடுக்க, தேங்காய் உரிக்க, கிணற்று மோட்டாரை போனிலிருந்து நிறுத்த என்று சொந்த யோசனையில் கருவி செய்கிறவர்கள் நம் ஊர்களில் ஏராளம். கருவி ஓட ஆரம்பித்ததும் முதல் வேலையாக அதை வீடியோ எடுத்து யூடியூபில் போட்டுவிடுகிறார்கள். அதற்குக் காப்புரிமை வாங்கும் வாய்ப்பு பெரும்பாலும் அங்கேயே பறிபோகிறது.

1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் புதுமையைக் கேட்கிறது. விண்ணப்பத் தேதிக்கு முன் விஷயம் வெளியாகியிருந்தால் அது புதுமை இல்லை. வெளியிட்டவர் கண்டுபிடித்தவரே ஆனாலும் அப்படித்தான். அமெரிக்காவில் கண்டுபிடிப்பாளருக்கு ஓராண்டு அவகாசம் உண்டு. இங்கே அப்படிப் பொதுவான அவகாசம் கிடையாது. மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சியில் வைத்தாலோ, அறிஞர் சங்கம் ஒன்றில் கட்டுரை வாசித்தாலோ 12 மாதத்துக்குள் விண்ணப்பிக்கலாம். கல்லூரி விழாவும் ஊர்க் கண்காட்சியும் இந்தக் கணக்கில் வராது. வயலில் ஓட்டிப் பார்க்காமல் களையெடுக்கும் கருவி செய்ய முடியாதே என்பீர்கள். பொது இடத்தில் சோதித்தே ஆகவேண்டிய கருவிகளுக்கு, நியாயமான சோதனைக்காக மட்டும், விண்ணப்பத்துக்கு முந்தைய ஓராண்டைச் சட்டம் விட்டுக்கொடுக்கிறது. விற்பனையை இதில் சேர்க்க முடியாது.

இதற்கு வழி இருக்கிறது, செலவும் குறைவு. புரொவிஷனல் விண்ணப்பத்தைத் தனிநபர் ஆன்லைனில் போட அரசுக் கட்டணம் 1,600 ரூபாய். கருவி முழுமையடைந்திருக்க வேண்டியதில்லை. எப்படி இயங்குகிறது என்ற விளக்கமும் படமும் போதும். விண்ணப்பம் போட்ட தேதி உங்களுடையதாகிவிடும். 12 மாதத்துக்குள் முழு விண்ணப்பம் தராவிட்டால் அது கைவிடப்பட்டதாகிவிடும். இதில் பலர் கவனிக்காத ஒன்று: புரொவிஷனலில் எழுதாத பகுதிக்கு அந்தத் தேதி கிடைக்காது. பிற்பாடு சேர்த்த கியருக்குப் பழைய தேதியைக் கோர முடியாது. அதனால் தெரிந்ததையெல்லாம், மாற்று வடிவங்கள் உட்பட, எழுதிவிடுங்கள். பரிசோதனைக் கோரிக்கையைத் தனியாகத் தரவேண்டும்; தனிநபருக்கு 4,000 ரூபாய். 2024 விதித் திருத்தத்துக்குப் பிறகு இதற்கான கெடு 31 மாதம். கோரிக்கை போகாத விண்ணப்பத்தை அதிகாரி எடுத்தே பார்க்க மாட்டார். காப்புரிமை கிடைத்தால் விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டு, புதுப்பிப்புக் கட்டணம் செலுத்திவரும் வரை.

எல்லாக் கருவிக்கும் கிடைத்துவிடாது. பாத்திரத்தை லேத்தில் பிடித்துக்கொள்ளும் ஒரு முறைக்குத் தரப்பட்ட காப்புரிமையை, அது வெறும் பட்டறை மேம்பாடு என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 1978-இல் ஏற்க மறுத்தது. தெரிந்த இரண்டு கருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் கண்டுபிடிப்பாகாது. வெறும் மென்பொருளுக்கும் கிடையாது. உங்கள் கருவி போல ஏற்கெனவே ஏதாவது இருக்கிறதா என்று காப்புரிமை அலுவலக இணையதளத்திலும் கூகுள் பேட்டன்ட்ஸிலும் இலவசமாகத் தேடலாம். ஒரு வாரம் அதில் உட்கார்ந்தால் பல மாத உழைப்பு மிஞ்சும்.

சம்பளத்துக்கு வேலை செய்கிறவர் தன் நியமனக் கடிதத்தை எடுத்துப் படிக்க வேண்டும். ஊழியரின் கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்று நம் காப்புரிமைச் சட்டம் தனியாகச் சொல்லவில்லை. ஒப்பந்தம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. வேலையில் இருக்கும்போது உருவாக்குவதெல்லாம் நிறுவனத்துக்கே என்ற வரி பல கடிதங்களில் இருக்கிறது. இருந்தால், சொந்த முயற்சிக்கு எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஆபீஸ் லேப்டாப், ஆபீஸ் உதிரிபாகம், ஆபீஸ் நேரம் மூன்றையும் தொடாதீர்கள். தேதியிட்ட நோட்டும், லேத் பட்டறை பில்லும், வாட்ஸ்அப் உரையாடலும் நாளைக்குச் சாட்சி.

தயாரிப்பாளரிடம் கருவியைக் காட்டப்போகிறீர்களா? முதலில் விண்ணப்பம், அடுத்து ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து, அப்புறம் கருவி. உங்கள் யோசனையை இன்னொருவர் தன் பெயரில் போட்டுவிட்டால், விண்ணப்பம் வெளியானதிலிருந்து காப்புரிமை வழங்கப்படும் வரை எவரும் எதிர்ப்பு மனு தரலாம். வழங்கிய அறிவிப்பு வெளியாகி ஓராண்டுக்குள் பாதிக்கப்பட்டவர் எதிர்க்கலாம். திருடிப் பெற்றது என்பதே அதற்குப் போதுமான காரணம். உங்கள் காப்புரிமையை மீறினால் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரலாம். காப்புரிமை கையில் வந்த பிறகுதான் வழக்கு, ஆனால் விண்ணப்பம் வெளியான தேதியிலிருந்து இழப்பீடு கேட்கலாம். பெரிய நிறுவனம் ஒன்று ஆதாரமில்லாமல் "எங்கள் காப்புரிமையை மீறுகிறாய்" என்று மிரட்டினால், அந்த மிரட்டலுக்கு எதிராகவே நீதிமன்றம் போகச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு இடம் தருகிறது. சிறிய ஆட்களுக்குப் பெரிதும் உதவக்கூடிய இந்தப் பிரிவு அவர்களுக்குத்தான் தெரியாமல் இருக்கிறது என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

"பத்து நாளில் பேட்டன்ட், கியாரண்டி" என்று போன் வந்தால் நம்பாதீர்கள். அவ்வளவு சீக்கிரம் கையில் வருவது பெரும்பாலும் விண்ணப்ப ரசீதுதான். சிலர் வெளித்தோற்றத்துக்கான டிசைன் பதிவை வாங்கிக் கொடுத்து அதையே பேட்டன்ட் என்கிறார்கள். பதிவு பெற்ற முகவர்களின் பட்டியல் காப்புரிமை அலுவலக இணையதளத்தில் இருக்கிறது. முகவர் இல்லாமல் நீங்களே விண்ணப்பிக்கவும் தடையில்லை. நம் மாநிலத்துக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் காப்புரிமைத் தகவல் மையத்தில் ஆலோசனை கேட்கலாம். தொழில்நுட்பப் படிப்பு இல்லாத எளிய கண்டுபிடிப்பாளர்களுக்கு, குஜராத்திலிருந்து இயங்கும் தேசியப் புத்தாக்க அறக்கட்டளை விண்ணப்பம் போடுவது வரை உதவுகிறது.

வீடியோ ஏற்கெனவே போட்டாகிவிட்டதா? அதில் தெரியாத உள் அமைப்பும், அதற்குப் பிறகு செய்த மாற்றங்களும் இன்னும் புதுமையாகவே இருக்க வாய்ப்புண்டு. எந்தப் பகுதி எந்தத் தேதியில் வெளியே தெரிந்தது என்று எழுதி எடுத்துக்கொண்டு, இந்த வாரமே ஒரு முகவரைப் பாருங்கள். அதுவரை அடுத்த வீடியோ வேண்டாம்.